மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம்: வாய்ப்பை மதிப்பிடும் முறை

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், தமிழ்நாட்டின் ஓசூரை ஒட்டி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் வளர வளர, எல்லைக்கு அப்பாலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து குடியேறியுள்ளன. ஒவ்வோராண்டும் பி.யூ.சி. தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் இக்குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகிறது: "இந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?"

கேள்வி இயல்பானதே. ஆயினும் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. மாணவர் எந்த மாநிலத்தவராகக் கருதப்படுகிறார், அவரது தரவரிசை எண் என்ன, அவர் எந்தப் பிரிவில் போட்டியிடுகிறார் என்னும் மூன்றையும் சேர்த்து நோக்கும்போதே வாய்ப்பு எத்தகையது என்பது புலப்படும். இவற்றுள் முதலாவது, தேர்வுக்குப் பல ஆண்டுகள் முன்னரே முடிவாகிவிடுகிறது. பெற்றோர் பெரும்பாலும் அறியாதிருப்பதும் அதுவே.

உள்மாநில மாணவர் யார்?

மாநில அரசின் பணத்தில் நடைபெறும் கல்லூரிகளில் அம்மாநிலத்தவருக்கு முன்னுரிமை அளிப்பது முறையா என்ற வினா பழமையானது. மத்திய பாரத மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் பற்றிய வழக்கில், வசிப்பிடத்தை ஒட்டிய வேறுபாடு அரசியல் சட்டத்திற்கு முரணானதன்று என 1955இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னை மாநிலத்தில் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட முறையை 1968இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. மைசூர் மாநில மருத்துவக் கல்லூரிகளில் சேரப் பத்தாண்டுகள் அம்மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்ற விதியை 1971இல் வசுந்தரா வழக்கில் ஏற்றுக்கொண்டது. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில், மருத்துவ இடங்கள் அனைத்தையும் உள்மாநிலத்தவருக்கே ஒதுக்குதல் கூடாது என வரம்பு விதித்தது. இன்று அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்தியப் பங்காக நிரப்பப்படுகிறது.

பெற்றோரின் ஊரோ தாய்மொழியோ இத்தகுதியைப் பெற்றுத் தருவதில்லை. கர்நாடகத் தேர்வுகள் ஆணையம் பின்பற்றும் விதிகளில் முதன்மையானது, மாணவர் முதல் வகுப்பிலிருந்து பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகப் பள்ளிகளில் பயின்றிருக்க வேண்டும் என்பதாகும். அத்துடன் பத்தாம் வகுப்பு அல்லது பி.யூ.சி. தேர்வில் இம்மாநிலத்திலிருந்தே தேறியிருத்தலும் வேண்டும்.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம் ஜிகணிக்கு வருவதாகக் கொள்வோம். பிள்ளை ஆறாம் வகுப்பில் இங்கு சேர்ந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஏழு ஆண்டுகள் நிறைவாகும். ஏழாம் வகுப்பில் சேர்ந்தால் ஆறு ஆண்டுகளே ஆகும். ஓராண்டுக் குறைவினால், எத்துணை மதிப்பெண் பெற்றாலும் இவ்விதியின்கீழ் அப்பிள்ளைக்குத் தகுதியில்லை. பெற்றோருள் ஒருவர் கர்நாடகத்தில் ஏழாண்டுகள் பயின்றிருப்பது போன்ற வேறு வழிகளும் விதிகளில் உண்டு. ஆனால் புதிதாகக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுக்கு அவை பொருந்துவது அரிது.

எல்லைக்கு அப்பாலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளை அம்மாநிலத்தில் பயின்றோர் இருப்பிடச் சான்றிதழ் இன்றியே பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஏனைய தமிழ்நாட்டவர் அச்சான்றிதழைக் காட்ட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் அளிக்கப்பட்ட 7.5 சதவிகித ஒதுக்கீடோ, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கே உரியது. ஆகவே இடையில் பள்ளி மாறிய பிள்ளை இரு மாநிலங்களிலும் சலுகை இழக்க நேரிடலாம்.

மதிப்பெண்ணும் தரவரிசையும்

தகுதி உறுதியான பின்னரே மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. அங்கு பொறியியலுக்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடுகின்றனர். கர்நாடகத்தில் 1994இல் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. இங்கு பொறியியல் தரவரிசைக்குப் பி.யூ.சி.யின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்ணில் பாதியும், சி.இ.டி. மதிப்பெண்ணில் பாதியும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மாணவி பி.யூ.சி.யில் 300க்கு 285, அதாவது 95 சதவிகிதம் பெறுகிறாள், சி.இ.டி.யில் 180க்கு 72, அதாவது 40 சதவிகிதம். சராசரி 67.5. மற்றொரு மாணவி பி.யூ.சி.யில் 240, அதாவது 80 சதவிகிதம், சி.இ.டி.யில் 117, அதாவது 65 சதவிகிதம். சராசரி 72.5. பள்ளியில் பாராட்டுப் பெற்றவள் முதலாமவள். தரவரிசையில் முந்துபவள் இரண்டாமவள். சி.இ.டி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எவ்வினாவையும் விடுதல் தகாது.

பிரிவும் இறுதித் தரவரிசையும்

ஒரு கல்லூரியில், ஒரு பாடத்தில், ஒரு பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் எண்ணே இறுதித் தரவரிசை. ஆணையம் இதனை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தன் பிரிவுக்குரிய எண்ணையே மாணவர் நோக்க வேண்டும். பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்து மனம் தளர்வதும், பிறிதொரு பிரிவின் எண்ணைப் பார்த்து மகிழ்வதும் பிழையே.

மூன்றாண்டுகளின் இறுதி எண்கள் முறையே 4,000, 4,600, 4,300 என்று வைத்துக்கொள்வோம். 3,500ஆம் இடத்தில் இருப்பவர் நம்பிக்கை கொள்ளலாம். 4,400 என்பது இருபுறமும் சாயக்கூடிய நிலை. 7,000 என்றால் வாய்ப்பு அரிது. ஓராண்டின் எண்ணை மட்டும் நம்புதல் தவறு. 2021இல் பெருந்தொற்றின் காரணமாகப் பி.யூ.சி. தேர்வு நடைபெறாததால் சி.இ.டி. மதிப்பெண் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது. 2022இல் முந்தைய ஆண்டு மாணவரின் பி.யூ.சி. மதிப்பெண்ணைச் சேர்ப்பது பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடைபெற்று, தரவரிசை திருத்தி வெளியிடப்பட்டது. விதி மாறிய ஆண்டின் எண், மறு ஆண்டுக்கு அளவுகோல் ஆகாது.

பிரிவைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ கருதப்படுபவர், குடிபெயர்ந்த மாநிலத்தில் அத்தகுதியைத் தானாகவே கோர முடியாது என 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சான்றிதழை நம்பிக் கர்நாடகத்தில் இடம் கணக்கிடும் குடும்பம், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் ஏமாற்றம் அடையும்.

ஆனேக்கலுக்குரிய சிக்கல் மற்றொன்றும் உண்டு. முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கிராமப்புறத்தில் பயின்றோர்க்குக் கர்நாடகத்தில் 15 சதவிகித ஒதுக்கீடு உள்ளது. ஆனால் ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஜிகணி ஆகியவை இன்று நகராட்சி அமைப்புகளின் கீழ் உள்ளன. தெருவும் வயலும் பழையபடி தோன்றினாலும், பதிவேட்டில் ஊரின் நிலை மாறிவிட்டது. எனவே தன் பள்ளி எந்த ஆண்டுகளில் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். கன்னடவழியில் பத்தாண்டுகள் பயின்றோர்க்கு 5 சதவிகித இடங்களும், வேளாண்மைப் பல்கலைக்கழகப் படிப்புகளில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பங்கும் உண்டு. பின்னதற்குச் செய்முறைத் தேர்வு ஒன்றும் நடைபெறுகிறது.

விருப்பப் பட்டியல்

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது மாணவர் பலர் அச்சத்தினால் தவறிழைக்கின்றனர். விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1917இல் தோன்றிய பெங்களூருப் பொறியியல் கல்லூரியை விரும்பும் மாணவர், "கிடைக்காது" என அஞ்சி அதனைப் பட்டியலில் கீழே எழுதுவது வீண். தரவரிசைப்படி ஒவ்வொருவரின் விருப்பமும் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. முதல் விருப்பம் கிட்டாவிடில் இரண்டாவதற்குள்ள உரிமை குறைவதில்லை. எனவே வரிசை விருப்பத்தைப் பின்பற்ற வேண்டும். நீளமோ வாய்ப்பைப் பின்பற்ற வேண்டும். அரியவை சில, நடுத்தரமானவை பல, உறுதியானவை சில என மூவகையும் இடம்பெற்றால் வெறுங்கையுடன் திரும்ப நேராது. முன்னதாக வெளியிடப்படும் மாதிரி ஒதுக்கீட்டைக் கண்டு பட்டியலைத் திருத்தவும் வாய்ப்பு உண்டு.

அலுவலர்களின் கடமை

மேற்கூறியவற்றுள் மாணவரின் உழைப்பால் மாறக்கூடியது மதிப்பெண் ஒன்றே. ஏனையவை பதிவேடுகளைச் சார்ந்தவை. அவை அலுவலர்களின் கையில் உள்ளன. ஐந்தாம் வகுப்பு முடியும்போதே, வெளி மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஏழாண்டு விதியைத் தலைமையாசிரியர் எடுத்துரைக்க வேண்டும். தந்தையின் வேலை காரணமாகப் பள்ளி மாற நேரும்போது, அம்மாற்றத்தின் விளைவு அன்றே குடும்பத்திற்குத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்புச் சான்றிதழ்களைத் தொகுத்து வழங்கினால், சேர்க்கைக் காலத்தில் மூடப்பட்ட பழைய பள்ளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகம் சாதி, வருமானச் சான்றிதழ்களைச் சேர்க்கைக்கு முன்னரே வழங்கினால், விண்ணப்பத்தில் குறிக்க வேண்டிய ஆர்.டி. எண் மாணவரிடம் ஆயத்தமாக இருக்கும்.

இடங்கள் அளவானவை, விரும்பியோர் அனைவருக்கும் அவை கிட்டா. போட்டியில் தோற்பவர் மறு ஆண்டு முயலலாம், வேறு படிப்பை நாடலாம். ஆனால் விதியை அறியாமையால் போட்டியிடும் உரிமையையே இழந்த மாணவிக்கு மறு ஆண்டு எதனையும் மாற்றித் தராது. அவளுக்கு வேண்டியிருந்தது, பதினோரு வயதில் யாரேனும் ஒருவர் கூறியிருக்க வேண்டிய ஒரு செய்தி.