பிறந்த சேயின் மூளையும் கொசுக் காய்ச்சலும்

(ரெட்டியார்பாளையத்தில் நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகப்பேற்றினை நமது இல்லங்கள் எத்துணை ஆவலுடன் எதிர்நோக்குகின்றன என்பதனை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்து வந்து கண்ணை இமை காப்பதுபோற் காக்கின்றோம். அக்காவலையும் கடந்து சேயின் மூளையைத் தீண்டவல்ல நோயொன்று உண்டு. அதனைக் குறித்தே இன்று சில கூற விழைகின்றோம்.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று கப்பலேறிய தமிழ் மக்கள் பலர், கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் பிரஞ்சியருக்குரிய ரீயூனியன் தீவு சென்றனர். அவர்தம் வழியினர் இன்றும் ஆங்கு வாழ்கின்றனர். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அத்தீவிற் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவி, ஏறக்குறைய மூவரில் ஒருவரைப் பற்றிற்று. மூட்டுகளை முடக்கும் நோயென்றே அதுகாறும் பெரிதும் கருதப்பட்ட அது, தாயினின்று சேய்க்கும் தாவும் என்பது ஆங்கேதான் ஐயமற விளங்கிற்று.

ஆங்குள்ள மருத்துவர் கண்டது யாதெனின்: பேற்றுக் காலத்தில் தாயின் குருதியில் அவ்வைரஸ் மிக்கிருப்பின், பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிக்கு நோய் தொற்றிற்று. வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தும் அதனைத் தடுக்க இயலவில்லை. பிறக்கும்போது அக்குழந்தைகள் நலமாகவே இருந்தன. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் கண்டது. பால் குடிக்க மறுத்தன. தொட்டால் வலியால் வீறிட்டன. சிலவற்றிற்கு இசிவும் வந்தது. எம்.ஆர்.ஐ. கருவியாற் படமெடுத்துப் பார்த்தபோது, சில குழந்தைகளின் மூளையில் வெண்பொருள் கெட்டிருந்தமை புலனாயிற்று.

வெண்பொருள் யாது? மூளையின் ஒரு பகுதியினின்று பிறிதொரு பகுதிக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளின் தொகுதியே அது. மின்கம்பிக்கு மேலுறை இருத்தல் போல, அவ்விழைகளுக்குக் கொழுப்பாலாய உறையுண்டு. பச்சிளங் குழந்தைக்கு அவ்வுறை பெரும்பாலும் இனிமேற்றான் அமைதல் வேண்டும். அதனை அமைக்கும் உயிரணுக்களும் முதிராதவை. ஆதலின் அவை எளிதிற் கேடுறுகின்றன. காய்ச்சல் சின்னாளில் தணியினும், நடையும் பேச்சும் கற்கும் திறனும் பின்னரே குறைபடக் காண்கின்றோம். அத்தீவில் நோயுற்ற குழந்தைகளை ஈராண்டு அகவையிற் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் வளர்ச்சியிற் பின்தங்கியிருந்தனர். நோயுறாதாருள் அவ்வாறிருந்தோர் நூற்றுக்குப் பதினைவரே.

இஃது அயல்நாட்டுச் செய்தியென்று அமைந்திருத்தல் தகாது. 1964 ஆம் ஆண்டிற் சென்னையிலும் இந்நோய் பரவிற்று. 2006 ஆம் ஆண்டில் இந்தியாவில் 13 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இக்காய்ச்சலால் வருந்தியதாகக் கணக்கிடப்பட்டது. நோய்பரப்பும் கொசுக்களை ஆராய 1975 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மைய நிலையம் நமது புதுச்சேரியிலேயே உளது. ஆயினும் கொசு பிறப்பது நம் வீட்டுத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலுமன்றோ? இவ்வைரஸை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆதலின் வருமுன் காத்தலே வழி.

ஆகவே தாய்மார்களை வேண்டுகின்றோம். நீர்த்தொட்டிகளை வாரமொரு முறை வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். இக்கொசு பகலிற் கடிப்பதாகலின், கருவுற்ற பெண் பகலில் உறங்கும்போதும் வலை கட்டுங்கள். பேற்றினை ஒட்டிக் காய்ச்சல் வரின், மருத்துவரிடம் மறையாது உரையுங்கள். குழந்தை நலமாகத் தோன்றினும் ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். இசிவு வரின் மாந்தமென்றும் தோஷமென்றும் கூறிச் சூடு போடுதல், எண்ணெய் புகட்டுதல் முதலியன செய்யற்க. அந்நொடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. தாய்ப்பாலை நிறுத்த வேண்டுவதில்லை.

இன்னுமொன்று. குழந்தை பின்தங்கின் மருமகளின் இராசியைப் பழிப்போர் நம்மிடையே உளர். கொசுவின் குற்றத்தைப் பெற்றவள் தலையிற் சுமத்துதல் அறமன்று. அக்குழந்தையைப் பள்ளியில் மக்கு என்று ஒதுக்குதலும் அறமன்று. நோயுற்ற சேயை ஐந்தாண்டு வரையேனும் தவறாது மருத்துவரிடம் காட்டி, நடைக்கும் பேச்சுக்கும் உரிய பயிற்சியைக் காலத்தே தொடங்குவதே கடன்.

இனி நமது குலத்தார் வளைகாப்பிற்குச் செல்லுங்கால், வளையலும் சோறும் கொண்டுபோவதோடு ஒரு கொசுவலையும் கொண்டுபோவாராக. அவ்வழக்கத்தை இச்சங்கமே தொடங்கி வைத்தல் வேண்டுமென்று கேட்டு, எம் உரையை முடிக்கின்றோம்.