விசைப்பலகை யார் கையில்?

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி. ஆங்கிலம் தெரிந்தவன் நடு நாற்காலியில் உட்காருவான். விசைப்பலகை அவன் கையில். அரசு விடுதியிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்போம். தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. பதிவேட்டில் மூன்று பேருமே செய்முறை முடித்தவர்கள்தான். இன்று நான் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். செயற்கை நுண்ணறிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நடு நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

திறந்திருக்கிறது என்பது முழுப் பொய்யில்லை. இந்தத் துறையைப் பல பத்தாண்டுகள் சுமந்தவை பல்கலைக்கழகங்கள். 2012இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹிண்டனின் மாணவர்களான அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இல்யா சுட்ஸ்கெவரும் படங்களை அடையாளம் காணும் ஒரு நரம்பு வலைப்பின்னலை உருவாக்கினார்கள். வீடியோ கேம் ஆடுபவர்கள் வாங்கும் இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள், ஐந்தாறு நாள் பயிற்சி, அவ்வளவுதான். இன்றைய அலை அங்கிருந்து எழுந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுரையாக எழுதி உலகத்தின் முன் வைத்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபேய்-ஃபேய் லீ தொடங்கியது. ஒரு கோடியே 40 லட்சம் படங்கள். இது நாய், இது நாற்காலி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டியவர்கள் இணையம் வழியாகச் சில்லறைக் கூலிக்கு வேலை செய்த, 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. இராசராசன் கோயில் கட்டினான் என்று படிக்கிறோமே, அதே கணக்குதான்.

அப்புறம் கதவு சாத்தப்பட்டது. 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4 அறிக்கையில் மாதிரியின் அளவும் இல்லை, எந்தத் தரவில் பயிற்றுவித்தார்கள் என்பதும் இல்லை. பயிற்சிக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆனது என்று அந்த நிறுவனத் தலைவரே சொன்னார். பொதுப் பணத்தில் விளைந்த அறிவின் மேல் எழுந்த கட்டடத்துக்குள் இப்போது பல்கலைக்கழகமே வாசலில் நின்று கேட்டுத்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

இன்னும் திறந்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2023இல் இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாதிரியை வெளியிட்டது. அட்டவணையிலுள்ள 22 மொழிகளும் அதில் உண்டு. சந்தாலியும் உண்டு. யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம், மாற்றி எழுதலாம். ஐஐடி என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அங்கே ஆசிரியர் நாற்காலிகளில் நம்மவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அப்படியே இருக்கட்டும்; அதை விடப் போவதில்லை. ஆனால் இந்த வேலை நமக்குப் பயன்படும். கோண்டியும் குருக்கும் இருளர் பேச்சும் அட்டவணையில் இல்லாததால் இதிலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் மாணவர்களுக்குக் கிடைக்கிறதா?

மகாட் நினைவிருக்கிறதா? 1923இல் பம்பாய் சட்டசபை பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. 1924இல் மகாட் நகராட்சியும் தீர்மானம் போட்டது. சவுதார் குளம் காகிதத்தில் திறந்தது. யாரும் தண்ணீர் மொள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் அது என்ன வகைத் 'திறப்பு' என்று எல்லோருக்கும் தெரிந்தது. அடி விழுந்ததும் அதற்குப் பிறகுதான்.

இங்கே அடி விழாது. கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும். மாதிரியை ஓட்டக் கல்லூரியில் கிராபிக்ஸ் அட்டை இருக்காது. ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் 'இந்தியா ஏஐ' திட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது. அதில் வாங்கும் கணினித் திறன் அரசுக் கலைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எந்த ஆண்டு வரும் என்று கேட்க வேண்டியது நம் வேலை.

நாம் உள்ளே போவது நமக்கு மட்டும் நல்லதில்லை. ஆய்வுக்கே நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் மொழி மாதிரிகளிடம் சாதி பற்றிய வாக்கியங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஜிபிடி-2, ஜிபிடி-3.5 போன்றவை 63 முதல் 79 விழுக்காடு வரை சாதிய முன்முடிவைச் சுமந்த வாக்கியத்தையே தேர்ந்தன. முக்கியமான ஆய்வு. சோதித்த வாக்கியங்களையும் பொதுவில் வைத்தார்கள். அதை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், இதெல்லாம் இங்கிலீஷ்ல சாதிப் பேரைச் சொல்லிக் கேக்குறாங்க. நம்ம ஊர்ல யாரு சார் பேரைச் சொல்றா? 'நீ ஊரா, காலனியா'ன்னுதானே கேப்பாங்க?"

'காலனி' என்ற ஒரு சொல் இங்கே என்ன வேலை செய்கிறது என்பது ஆக்ஸ்ஃபோர்டுக்கு எப்படித் தெரியும்? அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025இல்தான் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த மாணவிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அவளே கைப்பேசியில் சோதித்துப் பார்த்தாள். ஊர்த்தெருவிலிருந்து வந்த பையன், காலனியிலிருந்து வந்த பையன் என்று இரண்டு தொடக்கங்களைத் தமிழில் கொடுத்துக் கதையை முடிக்கச் சொன்னாள். முதல் பையன் படித்து வேலைக்குப் போனான். இரண்டாமவன் ஒரு நல்ல மனிதரின் இரக்கத்தால் முன்னேறினான். இரக்கத்தால்! வகுப்பே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. ஒரு கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது, நூறு ஜோடி வாக்கியங்களாவது வேண்டும் என்றேன். "எழுதிரலாம் சார்" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தெரு, யார் வீட்டில் எந்தக் குவளை, வாத்தியார் எப்படிக் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து வருகிறது. முடிந்ததும் தமிழிலேயே பொதுவில் வைப்போம். எழுதியவர்கள் அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூடுகிறோம். இருப்பது இரண்டு மடிக்கணினி. ஆளுக்கு இருபது நிமிடம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் கடைசிச் சுற்றில் உட்காருவார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.