தாராவியின் சம்மதம்



மத்திய ரயில்வேயின் தண்டவாளத்துக்குக் கிழக்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி. இரு பக்கங்களிலும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கிழக்குப் பக்கத்தில் பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை இடித்துப் புதிதாக எழுப்பித் தருவதாக ஒரு கட்டுமான நிறுவனம் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பொதுக்குழுவைக் கூட்டும். வரைபடம் மேசைக்கு வரும். வண்டி நிறுத்த இடம் எங்கே, பூஜை அறை எந்தத் திசையில், துணி உலர்த்த பால்கனி உண்டா என்று கேள்விகள் எழும். உறுப்பினர்களில் 51 விழுக்காட்டினர் சம்மதித்தால்தான் வேலை அடுத்த கட்டத்துக்கு நகரும். மகாராஷ்டிர அரசு 2019இல் பிறப்பித்த ஆணை அவ்வாறே கூறுகிறது.

மேற்குப் பக்கத்தில், பல லட்சம் மக்கள் வாழும் தாராவி முழுவதையும் இடித்துக் கட்டப் போகிறார்கள். அங்கே எவருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. மும்பையின் ஏனைய குடிசைப் பகுதிகளில் மறுவாழ்வுத் திட்டம் தொடங்க, முன்பு 70 விழுக்காடு, பின்னர் 51 விழுக்காடு குடும்பங்களின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி உண்டு. தாராவித் திட்டத்தை அரசே மேற்கொள்ளும் திட்டம் என்று அறிவித்து, அந்த விதியையும் அகற்றிவிட்டார்கள். மாட்டுங்காவில் ஒரு படிக்கட்டின் அகலம்கூட வாக்கெடுப்புக்கு உரியது. தாராவியில் ஒரு நகரமே அப்படிப்பட்டதல்ல.

கட்டடக் கலையில் மரபு சிறந்ததா, நவீனம் சிறந்ததா என்ற விவாதத்துக்குள் நுழையும் முன் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் அந்த விவாதத்தில் தாராவியின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாராவிக்காரர்கள் அல்லர்.

2009 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளலாம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற மாதம் அது. அதே மாதத்தில் லண்டனில் ஒரு மாநாட்டில், அன்று இளவரசராகவும் இன்று மன்னராகவும் இருக்கும் சார்லஸ், தாராவியைப் பாராட்டிப் பேசினார். திட்டமிடாமல் தானாக வளர்ந்த அந்தத் தெருக்களுக்குள் இயல்பான ஓர் இலக்கணம் இருக்கிறது, மேலை நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் முகமற்ற அடுக்குகளைவிட அது மேலானது என்பது அவர் கருத்து. அவர் தாராவியை நேரில் வந்து பார்த்தவர். நவீனக் கட்டடக் கலையின் பழைய எதிரி. 1984இல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்காக வரையப்பட்ட விரிவாக்க வடிவத்தை முகத்தில் புறப்பட்ட கட்டிக்கு ஒப்பிட்டார். அந்த வடிவமே கைவிடப்பட்டது. பிறகு தம் குடும்பச் சொத்தான நிலத்தில் பவுண்ட்பரி என்ற புதுநகரை மரபுப் பாணியில் எழுப்பச் செய்தார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒருவருடைய கருத்து ஒரு கட்டடத்தையே நிறுத்தும், வேறு பல லட்சம் பேரின் கருத்து ஒரு செங்கல்லைக்கூட அசைக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிர்த் தரப்பின் குரல் மும்பைக்கு நன்கு பழக்கமானது. தாராவி ஒரு கறை. அதைத் துடைத்துவிட்டுச் சிங்கப்பூர் போலவோ ஷாங்காய் போலவோ கண்ணாடிக் கோபுரங்களை எழுப்ப வேண்டும் என்பது அது. பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் பக்கத்தில் வந்த பிறகுதான் அந்தக் கறை இவ்வளவு உறுத்தலாகத் தெரியத் தொடங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாராவி மக்கள் என்ன நினைக்கிறார்கள்? இங்கே ஒரே குரல் கிடையாது, இருக்கவும் முடியாது. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பத்துக்குச் சூளை வேண்டும், மண் குழைக்கத் தரை வேண்டும், பானை உலர வெயில் விழும் முற்றம் வேண்டும். பதினைந்தாம் மாடியில் சூளை மூட்ட இயலாது. 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் விற்பனைக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கும் முறுக்குப் பிழியும் குடும்பங்களுக்கும் வீட்டு வாசல்தான் பட்டறை. திண்ணையும் தெருவும் இல்லையென்றால் பிழைப்பும் இல்லை. கீழே தையல் எந்திரம், மேலே பரண் போன்ற மாடியில் உறக்கம் என்று வாழும் தோல்பொருள் தொழிலாளிக்கு 'வீடு', 'தொழிற்கூடம்' என்ற பிரிவே பொருளற்றது. இவர்களையெல்லாம் கேட்டால் தரைத்தளம் வேண்டும் என்பார்கள்.

அதே சந்தில், விடியற்காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் பெண்ணைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். வீட்டுக்குள் ஒரு கழிப்பறை, குழாயைத் திறந்தால் தண்ணீர், மழைக்காலத்தில் முழங்கால் அளவு சாக்கடை ஏறாத தரை. இவற்றுக்காக அடுக்குமாடிக்குப் போகத் தயாராக இருப்பவர்கள் ஏராளம். கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகளை அழைத்து வரக் கூச்சப்படாத ஒரு முகவரியை விரும்புகிறாள். அதில் என்ன தவறு? தாராவியின் சந்துகளில் கலையழகைக் காணும் வெளிநாட்டு நோக்கு இந்தப் பெண்களின் காத்திருப்பைக் காண்பதில்லை. வறுமையை மரபு என்று போற்றுவது இடதுசாரிகளின் வேலையும் அன்று.

மாட்டுங்காவின் கதை இங்கே உதவும். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை என்ற அமைப்பை ஆங்கில அரசு உருவாக்கியது. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்ற பெயரில் அது நகரின் நெரிசலான பகுதிகளில் உழைப்பாளர் குடியிருப்புகளை இடித்தது. இடித்த அளவுக்கு அவர்களுக்கு மாற்று வீடு கட்டவில்லை. துரத்தப்பட்டவர்கள் அடுத்த சேரியில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அதே அறக்கட்டளைதான் வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா பகுதிகளில் அகன்ற சாலைகளும் 'ஐந்து பூங்கா'வும் கொண்ட புதிய மனைப்பிரிவுகளை வகுத்தது. அவை நடுத்தர வகுப்பாருக்குப் போய்ச் சேர்ந்தன. தென்னிந்திய எழுத்தர்களும் ஆசிரியர்களும் அங்கே குடியேறினர். நகரின் அழுக்குத் தொழில்களுக்கும், அவற்றைச் செய்த திருநெல்வேலி முஸ்லிம்களுக்கும் தலித் மக்களுக்கும் கிடைத்தது மித்தி ஆற்றோரச் சதுப்பு. அதை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, மனிதர் நிற்கத்தக்க நிலமாக்கியவர்கள் அவர்களே. ஒரே காலகட்டத்தின் ஒரே நகரத் திட்டம் இரண்டையும் பெற்றது. இன்று மாட்டுங்காவின் அந்தக் கட்டடங்களைப் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். அன்று அவைதான் நவீனம். எது மரபு, எது நவீனம் என்பது நூறாண்டில் இடம் மாறிவிடுகிறது. எந்தப் பக்கத்துக்கு நிலம் கிடைத்தது என்பது மட்டும் மாறவில்லை.

(தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. தலித் தொழிலாளர்களின் அந்தக் குடியிருப்பில்தான் அண்ணா பாவு சாத்தே கம்யூனிஸ்டாகப் பணியாற்றினார்.)

இடிப்பது ஒன்றே வழி என்று அந்தக் காலத்திலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் 1914இல் சென்னைக்கு வந்தார். சென்னை மாகாணத்தின் நகரங்களைக் கால்நடையாகச் சுற்றி, சந்து சந்தாக அளந்து அறிக்கைகள் எழுதினார். பொறியாளர்கள் வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடாகச் சாலை போட்டு வீடுகளைத் தரைமட்டமாக்குவதை அவர் எதிர்த்தார். பாழடைந்த ஒரு வீட்டை மட்டும் அகற்றினால் தெருவுக்கே காற்றும் வெளிச்சமும் வரும், செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் பேராசிரியரானார். அவர் மரபுவாதியா, நவீனரா? அந்தக் கேள்வியே அவருக்குப் பொருந்தாது. குடியிருப்பவர்களிடமிருந்து தொடங்கினார், அவ்வளவே.

இனி இன்றைய கோபுரங்களுக்கு வருவோம். செம்பூரைத் தாண்டி கோவண்டி, மான்கூர்ட் பக்கம் போனால், நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளுக்காக எழுப்பப்பட்ட மறுவாழ்வுக் குடியிருப்புகளைக் காணலாம்: லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி. 2018இல் மருத்துவர்களின் ஒரு தொண்டு நிறுவனம் இம்மூன்றையும் ஆய்வு செய்து வெளியிட்டது. முதல் இரண்டில் கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் அளவே இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். அங்கே காசநோய் மிகுதி, அதிலும் கீழ்த்தளங்களில் மிகுதி. கட்டடங்கள் விலகி நிற்கும் பி.எம்.ஜி. காலனியில் அது மிகக் குறைவு. மூன்றிலும் வாழ்பவர்கள் ஏழைகளே. வேறுபாடு சன்னலுக்கு வெளியே இருந்த வெற்றிடத்தில்தான். அந்த வெற்றிடத்தை விற்பனைக்குரிய பரப்பாகக் கணக்கிட்டவர்கள் அதை மிச்சப்படுத்திக்கொண்டார்கள். காற்றோட்டமும் வெளிச்சமும் ஏழைக்குத் தேவை என்று 1898இல் சொன்ன அதே நகரம் இது.

அடுக்குமாடிதான் குற்றவாளி என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் பிழை. சமூக ஜனநாயகவாதிகள் ஆண்ட வியன்னாவில் 1930இல் கார்ல் மார்க்ஸ் இல்லம் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அக்குடியிருப்பில் 1,382 வீடுகள். மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மீதியெல்லாம் முற்றமும் தோட்டமும். பொதுச் சலவைக் கூடம், மழலையர் பள்ளி, நூலகம் ஆகியவை உள்ளேயே இருந்தன. பணம் எங்கிருந்து வந்தது? ஆடம்பர வீடுகள் மீது கடுமையாக ஏறும் வீட்டுவசதி வரியிலிருந்து. அதுவும் நவீனம்தான், உயரமும்தான். நிலத்தை விற்று அதில் மிஞ்சும் துண்டில் ஏழையை அடுக்குவது என்ற கணக்கு மட்டும் அதில் இல்லை.

தாராவியில் அந்தக் கணக்குதான் நடக்கிறது. 2004இல் மறுவளர்ச்சித் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்த நாளிலிருந்து வடிவங்கள் பல மாறின, டெண்டர்கள் பல ரத்தாயின. 2009இல், முன்னாள் தலைமைச் செயலாளர் டி.எம். சுக்தன்கர் தலைமையிலான நிபுணர் குழு, இது மக்கள் நலத் திட்டமன்று, நில அபகரிப்பு என்று முதலமைச்சருக்கு எழுதியது. அரசே அமைத்த குழுவின் கருத்துக்கும் தாராவிக்காரரின் கருத்துக்குக் கிடைத்த மதிப்புதான் கிடைத்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு வென்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. இங்கே உருவாகும் கட்டுமான உரிமையின் ஒரு பகுதியை மும்பையின் பிற கட்டுமான நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது.

யாருக்கு என்ன கிடைக்கும்? 2000 ஜனவரி 1க்கு முன் வந்து தரைத்தளத்தில் வசிப்பவருக்கு தாராவிக்குள் 350 சதுர அடி, இலவசம். அதன் பிறகு 2011 வரை வந்தவருக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. 2011க்குப் பின் வந்தவர்களுக்கும், எந்த ஆண்டில் வந்திருந்தாலும் மாடியில் வசிப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. தவணை கட்டினால் சொந்தம். தாராவியின் மரபுக் கட்டட வடிவமே கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இன்னொரு குடும்பம் என்பதுதான். வெளிநாட்டார் வியந்த அந்த இயல்பான இலக்கணத்தில் பாதி வாக்கியத்தை இந்த விதி அடித்துவிடுகிறது. ஒர்லியில் பி.டி.டி. சாளில் 160 சதுர அடி அறைகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீட்டின் சாவிகள் 2025 ஆகஸ்டில் வழங்கப்பட்டன. அவர்களுடைய போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி அது. ஒர்லிக்கு 500, தாராவிக்கு 350 என்பதற்கு எந்தக் கட்டடக் கலை நூலிலும் காரணம் கிடையாது.

'வெளியே' என்பது எங்கே? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 256 ஏக்கர் உப்பள நிலமும், தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. உப்பளம் நகரின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலம். குப்பைமேடு எதை வாங்கிக்கொண்டது என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்னோட்டம் ஒன்றை மும்பை பார்த்துவிட்டது. செம்பூருக்குத் தெற்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் மாஹுல். அங்கே 72 கட்டடங்களில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்த குடும்பங்களின் குடிசைகளை 2017 முதல் இடித்து, அவர்களை அங்கே குடியேற்றினார்கள். அப்பகுதியின் காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே கூறியிருந்தது. நவீனக் கட்டடம், மின்தூக்கி, வீட்டுக்குள் கழிப்பறை எல்லாம் இருந்தன. மூச்சு விட முடியவில்லை. மாஹுல் மக்கள் தங்கள் கருத்தை எந்தப் படிவத்திலும் எழுதித் தரவில்லை. 2018 இறுதியில் அடுக்குமாடி வீட்டைப் பூட்டிவிட்டு, தங்கள் குடிசைகள் இருந்த வித்யாவிஹார் குழாயோரத்துக்கே திரும்பிவந்து, நடைபாதையில் அமர்ந்தார்கள். பிள்ளைகளோடும் முதியவர்களோடும் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் அவர்கள் வேறிடத்தில் வீடு பார்த்துக்கொள்ள மாதம் 15,000 ரூபாய் வாடகை தரும்படி ஆணையிட்டது. விருப்பமின்றி எவரையும் அங்கே அனுப்பக் கூடாது என்றும் கூறியது.

இடதுசாரிக் கட்சிகளும் இடம்பெற்றுள்ள தாராவி பச்சாவ் ஆந்தோலன் முன்வைக்கும் கோரிக்கைகளை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்ற பிரிவின்றி எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு. 500 சதுர அடி. தொழில் செய்வோருக்குத் தொழிலிடம். கும்பார்வாடாவுக்குச் சூளை உண்டா, இட்லி அவிக்கும் குடும்பத்துக்குத் தரைத்தளம் உண்டா, மாடியில் இருந்த குடும்பம் எந்தப் பட்டியலில் என்பதையெல்லாம் வரைபடத்தை மேசையில் விரித்து, மாட்டுங்காவின் பொதுக்குழுவில் கேட்பதைப் போல, கைதூக்கிக் கேட்கவும் மறுக்கவும் தாராவிக்கும் ஒரு கூட்டம் வேண்டும்.