வளி நீங்கிய கூழே செவ்விய தாள்



பாட்டும் கதையும் தமிழில் எழுதலாம். பொறியும் ஆலையும் தமிழில் பேசுமா என்று வினவுவோர் இன்றும் உளர். இவ்வினாவிற்கு முழக்கம் விடையாகாது. ஒரு தொழிலின் ஒரு கூற்றை எடுத்து, முதலிலிருந்து முடிவுவரை தமிழிலேயே விளக்கிக் காட்டுவதே விடை. அவ்வினா அச்சேறும் தாளையே எடுத்துக்கொள்க. தாட்கூழில் சிக்கிய வளியை வெளியேற்றும் தொழில், ஆலைக்கு வெளியே உள்ளோர் பெரிதும் அறியாதது. ஆயினும் அது செவ்வனே நிகழாவிடில் தாள் செம்மையாக அமையாது.

மரம், மூங்கில், வைக்கோல், கரும்புச் சக்கை ஆகியவற்றை வேகவைத்து நாரைப் பிரித்தால் கூழ் கிடைக்கும். அக்கூழை, 100 பங்கில் நார் அரைப்பங்கு முதல் ஒரு பங்கு வரையே இருக்குமாறு நீரில் நெகிழ்த்து, ஓடும் கம்பிவலைமேல் பாய்ச்சுகின்றனர். நீர் வலைக்கண் வழியே வடிகிறது. நார் மேலே படிந்து தாளாகிறது. ஓயாது ஓடும் வலைப்பொறிக்குப் பிரான்சு நாட்டு உலூயி நிக்கோலா இராபேர் 1799-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கையால் சல்லடை தூக்கிய காலத்தில், ஓர் ஏடு பழுதுபட்டால் தொழிலாளி அதனைத் தொட்டியிலேயே மீண்டும் கரைத்துவிடலாம். இன்றைய பெரும்பொறிகளில் வலை நிமையத்திற்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு நொடியில் 16 மீட்டர் தாள் போய்விடும். கண்டு திருத்தக் காலம் இல்லை. ஆதலால் கூழ் வலையை அடையுமுன்னரே வளி நீங்கியிருத்தல் வேண்டும்.

கூழில் வளி மூன்று நிலைகளில் உள்ளது. முதலாவது, தனித்து மிதக்கும் குமிழி. அது மேலெழுந்து நுரையாகும், கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, நாரின் மேலும் நார்க்கற்றையின் இடுக்கிலும் ஒட்டிக்கொண்ட நுண்குமிழி. அது தானே எழாது. நாரையும் மிதக்கச் செய்யும். மூன்றாவது, நீரில் கரைந்து நிற்கும் வளி. அது கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் குறைந்தாலோ வெப்பம் ஏறினாலோ குமிழியாக வெளிப்படும்.

வளி புகும் வழிகளும் பல. உயரத்திலிருந்து தொட்டியில் கூழ் வீழும்போது காற்றையும் இழுத்துச் செல்கிறது. எக்கியின் அடைப்பில் கசிவிருந்தால் அதன் வழியே காற்று உறிஞ்சப்படுகிறது. வலையிலிருந்து வடியும் வெண்ணீர் காற்றுடன் கலந்தே மீள்கிறது. கூழைச் சரிவரக் கழுவாவிடில் எஞ்சிய வழலைப்பொருள் நுரையை நிலைக்கச் செய்கிறது. நிரப்பியாகச் சுண்ணக்கல் தூள் சேர்ந்த கூழில் படிக்காரத்தின் புளிப்பு மிகுந்தால், அத்தூளிலிருந்தே கரிவளி கிளம்புகிறது.

இவற்றால் விளையும் கேடுகள் யாவை? குமிழி உடைந்த இடத்தில் தாளில் ஊசித்துளை விழும். நாரிடையே சிக்கிய குமிழி நீர் வடியும் வழியை அடைக்கும். வடிதல் குன்றினால் பொறியின் விரைவும் குன்றும். வளி அமுங்கி விரியும் இயல்புடையதாதலால் எக்கியின் தள்ளல் சீர்கெட்டுத் தாளின் எடை ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் போகும். நுரையில் திரண்ட அழுக்குத் தாளில் கறையாகும். கரைந்த உயிர்வளி நுண்ணுயிரை வளர்த்துக் குழாயில் வழுவழுப்புப் படியச் செய்யும்.

இனி நீக்கும் முறை. புகும் வாயிலை அடைப்பதே முதல் வேலை. குழாயின் வாய் நீர்மட்டத்தின் கீழ் முடிய வேண்டும். கசிவு அடைபட வேண்டும். அடுத்து, வெண்ணீரை அகன்ற கால்வாயில் மெல்ல ஓடவிட்டால் பெரிய குமிழிகள் எழுந்து போகும். சிறியன எளிதில் எழா. அசையா நீரில் நுண்குமிழியின் குறுக்களவு பாதியானால் அது எழும் விரைவு காற்பங்காகிவிடும். அதனால் நுரையடக்கிகளைச் சேர்க்கின்றனர். முன்பு மண்ணெண்ணெய் போன்றவை பயன்பட்டன. பின்னர் வேறு வேதிப்பொருள்கள் வந்தன. இவற்றை அளவிறந்து ஊற்றினால் தாளில் படிவுக்கறை விழும். மை பரவாது தடுக்கும் பசையின் ஆற்றலும் கெடும்.

கரைந்த வளியையும் நீக்குவது வெற்றிடக் கலன். நீரில் கரையும் வளியின் அளவு, நீர்மேல் அவ்வளி கொண்ட அழுத்தத்திற்கு ஏற்ப அமையும் என்பதை ஆங்கிலேயராகிய வில்லியம் என்றி 1803-இல் காட்டினார். அழுத்தத்தைக் குறைத்தால் வளி நீரைவிட்டு நீங்கும் என்பதே இதன் பயன். 50 பாகை செல்சியசு வெப்பத்தில், காற்றழுத்தத்தை ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைத்தால் நீர் கொதிக்கும். அந்நிலையை ஒட்டிய வெற்றிடத்தில் கூழைத் துளித்துளியாகச் சிதறிக் கலத்தின் மேற்சுவரில் மோதவிடுகின்றனர். ஒட்டிய குமிழி விரிந்து பிரிகிறது. கரைந்த வளி வெளிப்படுகிறது. எழும் நீராவி அதனை வாரிச் செல்கிறது. வெற்றிடம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் இழுக்க வல்லதாதலால், கலத்தை அதற்கேற்ப உயர்த்தி நிறுத்துவர்.

இத்துணையும் தமிழில் சொல்லியாயிற்று. கூழ், குமிழி, நுரை, கசிவு, வடிதல் ஆகியவை எந்தத் தமிழனுக்கும் கற்பிக்க வேண்டாத சொற்கள். பொறியருகே நிற்கும் தொழிலாளி கரணியம் அறியாதவனானால், நுரை கண்டவுடன் நுரையடக்கியை மேலும் ஊற்றுவான். தாள் மேலும் கெடும். தன் மொழியில் கரணியம் அறிந்தவன் எக்கியின் கசிவைத் தேடி அடைப்பான். தாய்மொழிக் கல்வியின் பயன் ஆலைக்குள் இவ்வாறே வெளிப்படும். அது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று.

தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய தாளாலை, இன்றைய கரூர் மாவட்டத்துப் புகழூரில் 1984-இல் கரும்புச் சக்கையைக் கொண்டு ஆக்கம் தொடங்கியது. சக்கையின் நார் ஊசியிலை மர நாரினும் குறுகியது. அதன் கூழ் நீரை மெல்லவே விடும். வடிதலைத் தடுக்கும் வளியை நீக்கும் அறிவு அத்தகைய கூழுக்கு இன்னும் வேண்டற்பாலது. சக்கை தமிழ் நிலத்தது. உழைக்கும் கையும் தமிழர் கை. ஆயின் ஆலை அமைந்த பகுதிக்கு வாய்த்த பெயர் காகிதபுரம்! காகிதம் என்பது பாரசீக வழி வந்த சொல். நெல்லறுத்த வயலில் நிற்பதும் தாள், எழுதுவதும் தாள் என்று சொல்லும் மொழிக்கு இக்கடன் எற்றுக்கு?

மொழியும் கூழ் போன்றதே. அயற்சொல்லும் மூன்று நிலைகளில் உள்ளது: தனித்து மிதப்பது, தமிழ்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது, அயலென்றே தெரியாவாறு கரைந்தது. முதலாவதைக் கைவிடல் எளிது; மற்றிரண்டற்கும் ஆய்வும் பொறுமையும் வேண்டும். நுரையடக்கியை அளவிறந்து ஊற்றிய கூழ் கெடுவதுபோல், தொழிலாளிக்கு விளங்காத சொல்லைப் படைத்துத் திணித்தாலும் தொழில் கெடும். விளங்கும் வேரிலிருந்து ஆக்கிய சொல்லே நிலைக்கும்.

ஆதலால், பொறியியல் கற்ற ஒவ்வொரு தமிழரும் தம் தொழிலில் ஒரு கூற்றையேனும் தமிழில் எழுதுக. எழுதியதை அத்தொழிலாளியிடம் படித்துக் காட்டுக. அவன் தலையசைத்தால் அச்சிற்குக் கொடுக்க; விழித்தால் திருத்தி எழுதுக. தாளும் தமிழும் அவ்வாறே செம்மையுறும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் தொழில்!