நர்சிங் தேர்வுகளும் நம் குழந்தைகளும்

(ஸ்ரீவிஜயபுரத்தில் அங்கத்தினர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டாக்டர், இன்ஜினியர், சி.ஏ. என்றால் நம் வீடுகளில் வாய் நிறையச் சொல்கிறோம். நர்ஸ் என்றால் மட்டும் குரல் சற்றுத் தாழ்ந்து விடுகிறது. வேலூரிலும் டெல்லியிலும் 1946லேயே பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கி விட்டது. நம் தீவுகளையே எடுத்துக்கொள்வோம். லிட்டில் அந்தமானின் டூகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றி, 2004 சுனாமிக்குப் பிறகும் அவர்களை விட்டு அகலாமல் சேவை செய்தவர் நர்ஸ் சாந்தி தெரசா லக்ரா. 2011ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இதைவிடப் பெரிய சிபாரிசு இந்தத் தொழிலுக்கு வேண்டியதில்லை.

இத்துறையில் மேலே போகும் வழிகள் பல. எய்ம்ஸ் நிறுவனங்களில் நர்சிங் ஆபீசர் பதவிக்கு 2020 முதல் 'நார்செட்' தேர்வு நடக்கிறது. 2023 முதல் அது பிரிலிமினரி, மெயின் என இரண்டு கட்டம். தீவிர சிகிச்சையில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' ஆக விரும்புவோருக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு உண்டு. அமெரிக்கா செல்பவர்கள் முதலில் 'என்கிளெக்ஸ்' எழுத வேண்டும். பிறகு அங்கே முதுநிலை முடித்து, நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம்.

எந்தத் தேர்வானாலும் முதலில் அதன் விதிகளைப் படியுங்கள். நார்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறையும். இங்கே சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு விடைகள் கொண்ட 12 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக 3 சரி, 9 தவறு. மூன்று கூடி மூன்று குறைய, மிஞ்சுவது பூஜ்யம். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளைத் தவறென்று தள்ளிவிட முடிந்தால் 6 சரி, 6 தவறு. ஆறில் இரண்டு போக 4 மார்க் லாபம். ஆகவே எதையுமே தள்ள முடியாத கேள்வியை விட்டு விடுங்கள். இரண்டைத் தள்ள முடிந்தால் துணிந்து குறியுங்கள்.

அமெரிக்காவின் நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வில் இந்த அபராதம் கிடையாது. அங்கே ஒரு கேள்வியையும் விடக்கூடாது. அங்குள்ள ஓர் அமைப்பின் தேர்வில் 150 கேள்விகளில் 15க்கு மார்க்கே இல்லை. அவை பரீட்சார்த்தக் கேள்விகள். எனவே விசித்திரமான கேள்வி வந்தால் கலங்க வேண்டாம். என்கிளெக்ஸில் 85 முதல் 150 கேள்விகள் வரை வரும், நேரம் 5 மணி. தாண்டிப் போகவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது. கேள்விகள் நீண்டுகொண்டே போனால் தோல்வி என்று அர்த்தமில்லை.

படிக்கும் முறைக்கு வருகிறேன். புத்தகத்தைப் பத்து முறை புரட்டுவதைவிட, அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே மேல். 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி இருவரும் மாணவர்களிடம் செய்த சோதனையில், திரும்பப் படித்தவர்களைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொண்டவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. பாடசாலையில் குரு ஒரு முறை சொல்ல, சிஷ்யர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்லும் சந்தை முறையை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. "முதலில் எந்த நோயாளியைப் பார்ப்பீர்கள்?" என்பது போன்ற கேள்விகள் நிறைய வரும். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையை மறக்காதீர்கள். டிரிப் கணக்கு தினம் இரண்டாவது போடுங்கள். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 15 சொட்டு என்றால், 15,000ஐ 480 நிமிஷத்தால் வகுக்க, நிமிஷத்துக்குச் சுமார் 31 சொட்டு. இதில் ஒரு பூஜ்யம் தவறினால் தேர்வில் போவது மார்க், வார்டில் போவது உயிர்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நைட் டியூட்டி முடித்து வரும் பெண்ணை நேரே சமையலறைக்கு அனுப்பாதீர்கள். முதலில் தூக்கம், பிறகு இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் இடம். கோச்சிங் வகுப்பைவிட இது பெரிய உதவி.

கடைசியாக, பல ஊர்களில் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தீவுகளிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கடலின் மனநிலையைப் பொறுத்துத் தாமதமும் ஆகும். தேர்வு மையம் கடலுக்கு அப்பால் அமைந்தால், நம் பெண் இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டும். அறிமுகமில்லாத ஊரில் லாட்ஜில் தனியாகத் தங்க வைக்கப் பெற்றோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலேயே விண்ணப்பம் போடாமல் நின்று விடும் குழந்தைகள் உண்டு. உங்கள் வீட்டில் இரண்டு இரவுக்கு ஒரு படுக்கை, வேளைக்கு ரசம் சாதம், தேர்வன்று காலை மையம் வரை ஒரு துணை. இவ்வளவே கேட்கிறேன். முடிந்தவர்கள் உங்கள் கிளைக் காரியதரிசியிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.