கையெழுத்து இருக்கு, கை இருக்குமா?

நடுவர் அவர்களே! ஆலை விபத்தைத் தடுப்பது கருவியா, பயிற்சியா என்று கேட்டீர்கள். எதிரணி நண்பர், "நல்ல மெஷினை வாங்கிப் போட்டா போதும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். போதுமா?

தகடு வளைக்கிற பழைய பிரஸ் மெஷினைப் பாருங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கினால்தான் அச்சு இறங்கும். ஏன்? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, எந்தக் கையும் உள்ளே மாட்டாது! அருமையான கருவி. நம்ம ஆள் என்ன பண்றான்? ஒரு பட்டன்ல தீக்குச்சியைச் சொருகிட்டு ஒத்தைக் கையால ஓட்டுறான்!

(சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்காதீங்க. அவன் முட்டாள் இல்லை. பயிற்சி அதிகாரி 'பார்த்துச் செய்' என்கிறார். சூப்பர்வைசர் 'சீக்கிரம் செய்' என்கிறார். இவங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது ஒண்ணா உட்கார்ந்து பேசியிருந்தால், அந்தத் தீக்குச்சிக்கு அங்கே என்ன வேலை?

1984-இல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கான உயிரைக் குடித்தது. அதன் பிறகு, 1987-இல்தான், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாகச் சேர்த்தார்கள். சலுகை இல்லை ஐயா, உரிமை!

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? சேர்ந்த அன்றைக்கே 'பயிற்சி பெற்றேன்' என்று ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து. முடிந்தது பயிற்சி! நாளைக்கு விபத்து நடந்தால் கையெழுத்து பத்திரமாக இருக்கும். போட்ட கை இருக்குமா?

கருவி காப்பாற்றும், அதை மதிக்கக் கற்றவனை மட்டும்! ஆகவே பயிற்சியே என்று கூறி அமர்கிறேன்.