கவிழ்த்தாயிற்று, அடுத்தது யார்?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அயல்நாட்டு அரசியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அரசியல் படித்தவன் அல்ல, இயற்பியல் பிரிவு. ஜெர்மனியில் பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். போன புதிதில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பூண்டஸ்டாக் என்றால் நம் மக்களவை, பூண்டஸ்ராட் என்றால் மாநிலங்களவை, சான்சலர் என்றால் பிரதமர் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டேன். பூண்டஸ்ராட்டில் உட்காருபவர்கள் மாநில அமைச்சர்களே என்பதும், ஒரு மாநிலத்தின் ஓட்டெல்லாம் ஒரே பக்கமாகத்தான் விழவேண்டும் என்பதும் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அது கிடக்கட்டும்.

1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு நடந்த வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று தோற்றது. ஒரே ஓட்டு! அடுத்த திங்கட்கிழமை பெர்லினில், புதுப்பித்த ரைக்ஸ்டாக் கட்டடத்தில் ஜெர்மன் நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடியது. எங்கள் கேண்டீனில் அன்றைக்கு ஒரே அரசியல் பேச்சு. என் மேலாளர் கேட்டார்: "உங்க அரசாங்கம் கவிழ்ந்துடுச்சாமே, அடுத்து யாரைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"யாரையும் இல்லை" என்றேன்.

"பின்னே எப்படிக் கவிழ்த்தாங்க?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவருக்கோ என் பதில் புரியவில்லை.

பிறகு அவரே விளக்கினார். 1932 செப்டம்பரில் பாப்பன் அரசுக்கு எதிராக 512 ஓட்டு, ஆதரவாக 42. எதிர்த்தவர்களில் நாஜிகளும் உண்டு, கம்யூனிஸ்டுகளும் உண்டு. கவிழ்க்க மட்டும் சேர்ந்தார்கள். சேர்ந்து ஆளவா போகிறார்கள்? அந்தச் சூடு பட்டவர்கள் 1949 அரசியல் சட்டத்தில் 67ஆம் பிரிவை எழுதினார்கள். சான்சலரை இறக்கவேண்டுமா, அதே ஓட்டில் அடுத்தவரைத் தேர்ந்தெடு. இரண்டே முறைதான் முயன்றிருக்கிறார்கள். 1972இல் பிராண்டை இறக்க 249 ஓட்டு வேண்டியிருந்தது, 247தான் கிடைத்தது. (கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை பணம் கொடுத்து விளையாடியது பிற்பாடு வெளிவந்தது. குதிரை பேரம் நம் சொத்து மட்டுமல்ல!) 1982 அக்டோபர் 1இல் ஷ்மிட் இறங்கினார், அதே ஓட்டில் கோல் வந்தார். ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இல்லை.

நம் கதை என்ன ஆயிற்று? கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. ஏப்ரல் 26 மக்களவை கலைப்பு. மே முதல் ஜூலை வரை கார்கில் யுத்தம். அதை நடத்தியது காபந்து சர்க்கார். அக்டோபர் 13இல்தான் புது அரசு பதவியேற்றது. அந்த மே மாதம் தூரதேசத்தில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, 67ஆம் பிரிவு வேதவாக்காகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் இதைத்தான் பேசினேன். 2002இல் நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான ஆணையமும் இதைப் போன்ற முறையைச் சிபாரிசு செய்தபோது, நானே எழுதிக்கொடுத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது, நான் ஒப்பிட்டதே தப்பு என்று. 1999இல் நடந்தது எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அல்ல. குடியரசுத் தலைவர் பெரும்பான்மையைக் காட்டச் சொன்னார், பிரதமரே நம்பிக்கை கோரினார், தோற்றார். ஜெர்மனியில் இதற்கு ஈடு 67 அல்ல, 68ஆம் பிரிவு. சான்சலர் தானே நம்பிக்கை கேட்டுத் தோற்றால், சபையைக் கலைக்கச் சொல்லலாம். 2024 டிசம்பர் 16இல் ஷோல்ஸ் அதைத்தான் செய்தார். ஆதரவு 207, எதிர்ப்பு 394. 2025 பிப்ரவரியில் தேர்தல். புது சான்சலர் வர மே 6. அங்கேயும் அத்தனை மாதம் இழுபறிதான்! என் வேதவாக்கு இதற்கு ஒன்றும் செய்யவில்லை.

அப்படியானால் மேலாளரின் கேள்வி அசட்டுக் கேள்வியா? இல்லை. அங்கே சபை முதலில் ஓட்டுப் போட்டு சான்சலரைத் தேர்ந்தெடுக்கும், அப்புறம் குடியரசுத் தலைவர் நியமிப்பார். இங்கே நியமனம் முதலில், பலப்பரீட்சை பிறகு. 1979இல் சரண் சிங் பிரதமராகி, மக்களவையைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார். இதை அவரிடம் நான் சொல்லியிருந்தால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

அந்த மே 6 அன்று அவரே போன் செய்தார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். மெர்ஸுக்கு 316 தேவை, கூட்டணியில் 328 பேர் இருந்தும் முதல் சுற்றில் 310தான் விழுந்தது. ரகசிய ஓட்டு, யார் காலை வாரினார்கள் என்று தெரியாது. சாயங்காலத்துக்குள் இரண்டாவது சுற்றில் 325 பெற்று ஜெயித்தார் என்பது வேறு விஷயம். "உங்க ஊரில் இப்படி நடக்குமா?" என்றார்.

"நடக்காது. எங்களிடம் ஓட்டு வெளிப்படை. கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியே போகலாம், 1985 முதல் அப்படிச் சட்டம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ ஐந்நூறு பேரை எதுக்கு அனுப்புறீங்க? கொறடாக்களை மட்டும் அனுப்பினா போதாதா?"

இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அரசியல் அறிவியல் மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால், டீ இடைவேளையில் என்னைப் பாருங்கள்.